யார்டுல வாங்குன பழைய எஞ்சின் புகை தள்ளுது, பில்லுல "நோ ரிட்டர்ன்"னு இருக்கு, காசு திரும்ப கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் மேடம். என் கார் எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு, புதுசு போட வசதி இல்ல, அதனால பழைய வண்டி உடைக்கிற யார்டுல போய் அதே மாடல் எஞ்சின் ஒண்ணு வாங்கினேன். பின்பக்கம் அடிபட்ட வண்டி, அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, அப்படியே எடுத்து மாட்டலாம்னு யார்டுக்காரர் சொன்னார். மாட்டி மூணு வாரம் ஆகல, நீலப் புகை தள்ளுது, ஆயில் குறைஞ்சுட்டே வருது. போய் கேட்டா பில்லைக் காட்டி "நோ கேரண்டி, நோ ரிட்டர்ன்னு போட்டிருக்கே, படிக்கலையா"ன்னு கேக்கறார். மெக்கானிக் பிரிச்சுப் பார்த்துடலாம்ங்கறார். அப்புறம் ஒரு சின்ன விஷயம், எஞ்சின் நம்பர் இருக்கற இடம் வழவழன்னு இருக்கு, நம்பர் சரியா தெரியல, துருவா இருக்கும்னு மெக்கானிக் சொல்றார். என்ன பண்ணலாம்? இனிமே யார்டுல பார்ட்ஸ் வாங்கவே கூடாதா?

பதில்: நம்பர் விஷயத்தை முதல்ல பார்ப்போம், புகை அப்புறம். புகை பிரச்சனை போனா காசோட போகும், நம்பர் பிரச்சனை ஸ்டேஷன் வரைக்கும் போகும்.

துரு பிடிச்ச இடம் சொரசொரன்னு குழி குழியா இருக்கும், வழவழன்னு இருக்காது. டார்ச் அடிச்சு சாய்வா பாருங்க, ஒரே திசையில மெல்லிசா கோடு கோடா தெரிஞ்சா அது கிரைண்டர் ஓடுன தடம். கம்பெனியில இருந்து ஸ்பேரா வர்ற எஞ்சின் பிளாக் (எஞ்சினோட முக்கிய உடம்பு) சிலது நம்பர் அடிக்காமலே வரும், அது வேற கதை, ஆனா உங்க யார்டுக்காரர் அடிபட்ட வண்டியில இருந்து கழட்டினதா சொல்லியிருக்கார், அப்படின்னா அதுல நம்பர் இருந்தே ஆகணும்.

இதுல நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். திருட்டுப் பொருள்னு தெரியாம வாங்கறது குற்றம் இல்ல. பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 411, இப்ப 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 317, ரெண்டுமே நேர்மை இல்லாத எண்ணத்தோட, திருட்டுன்னு தெரிஞ்சு, இல்லன்னா நம்பறதுக்கு காரணம் இருந்தும் வாங்குனவரைத்தான் பிடிக்கும். ஆனா அதே செக்ஷன்ல "வாங்கினாலோ"ன்னு மட்டும் இல்ல, "வச்சிருந்தாலோ"ன்னும் இருக்கு. வாங்குன அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சரி, ஆனா நம்பர் இருக்கற இடம் வழவழன்னு இருக்குன்னு இப்ப எனக்கு எழுதிட்டீங்க, இனிமே தெரியாதுன்னு சொல்றது கஷ்டம். அதனால அந்த எஞ்சினை வேற யார் தலையிலயும் கட்டாதீங்க, யாராவது "பழைய நம்பரை பஞ்ச் பண்ணித் தரேன்"னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, அது தனி கேஸ் ஆயிடும். பில், பணம் அனுப்புன ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, நம்பர் இருக்கற இடத்தோட போட்டோ எல்லாத்தையும் எடுத்துட்டு நீங்களே போய் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கங்க, பக்கத்துல ஒரு வக்கீலைக் கூட்டிட்டுப் போனா இன்னும் நல்லது. எஞ்சினை அவங்க எடுத்து வச்சுக்குவாங்களான்னு பயப்படுவீங்க, எடுத்து வச்சாலும் வைக்கலாம், ஆனா புகார் கொடுத்தவரா அங்க நிக்கறதும் குற்றம் சாட்டப்பட்டவரா நிக்கறதும் ஒண்ணு இல்லையே.

அப்படி எஞ்சின் போனா காசு போச்சுன்னு அர்த்தம் இல்ல. விற்கிறவருக்கே உரிமை இல்லாத பொருளை வாங்குனவருக்கு உரிமை வராது, அது சரக்கு விற்பனைச் சட்டத்துல 27வது செக்ஷன், அதே சமயம் "எனக்கு விற்க உரிமை இருக்கு"ன்னு விற்கிறவர் வாயால சொல்லாட்டியும் சொன்ன மாதிரிதான்னு 14வது செக்ஷன் சொல்லுது. இந்தியாவோட இந்த 1930 சட்டத்துக்கு மூலம் 1893ல வந்த இங்கிலாந்து சட்டம். இங்கிலாந்துல 1923ல ரோலண்ட் எதிர் டிவால்னு ஒரு கார் கேஸே இருக்கு, வாங்கி சில மாசம் கழிச்சு திருட்டு வண்டின்னு போலீஸ் எடுத்துட்டுப் போச்சு, இவ்வளவு நாள் ஓட்டினதுக்குக் கழிச்சுக்கணும்னு எதிர் தரப்பு வாதாடியும் கோர்ட் ஒத்துக்கல, முழுத் தொகையும் திருப்பிக் கொடுக்க வச்சது.

இப்ப புகைக்கு வருவோம். நீலப் புகைன்னா ஆயில் எரியுது, பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங் தேய்ஞ்சிருக்கலாம், வால்வ் பக்கம் ஆயில் இறங்காம தடுக்கற சீல் போயிருக்கலாம், ரெண்டும் உள்ள இருக்கற கோளாறு. இது ஏன் முக்கியம்னா அதே சரக்கு விற்பனைச் சட்டம் 16வது செக்ஷன்ல பொதுவா "வாங்கறவர்தான் பார்த்து வாங்கணும்"னு இருந்தாலும், அதே பொருளை வியாபாரமா விற்கிற கடையில இன்ன பொருள்னு சொல்லி வாங்கினா அது விற்பனைக்கு லாயக்கான தரத்துல இருக்கணும், நீங்க பரிசோதிச்சுப் பார்த்திருந்தா பார்வைக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய கோளாறுக்கு மட்டும் அவர் பொறுப்பு இல்ல. எஞ்சினுக்கு அடியில இருக்கற ஆயில் பேன் நசுங்கியிருந்து அதைப் பார்த்தும் வாங்கியிருந்தீங்கன்னா வாயைத் திறக்க முடியாது, உள்ள இருக்கற ரிங் உங்க கண்ணுக்கு எப்படித் தெரியும்? அதுக்காக பழைய எஞ்சின் புதுசு மாதிரி ஓடணும்னு எந்த கோர்ட்டும் சொல்லாது, அறுபதாயிரம் ஓடுன எஞ்சின் எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கணும், அவ்வளவுதான். அவர் அந்த கிலோமீட்டரைச் சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா? வெறும் பேச்சா, மெசேஜா? மெசேஜ்னா அதுதான் உங்க கேஸ்ல பாதி.

"நோ ரிட்டர்ன்" அச்சு எல்லாம் பார்த்து பயந்துடாதீங்க. ரெண்டு பேரும் முன்னாடியே பேசி ஒத்துக்கிட்டா இந்தப் பொறுப்புகளை விலக்கிக்கலாம்னு அதே சட்டத்தோட 62வது செக்ஷன்ல இடம் இருக்கு, அது உண்மை. ஆனா காசு வாங்கிட்டு கடைசியா கையில கொடுக்கற பில்லுல பொடி எழுத்துல இருக்கறதை "ஒத்துக்கிட்டது"ன்னு எப்படிச் சொல்றது? அதுக்கு மேல இந்தியாவுல நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல, கோளாறான பொருளை பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, காலம் எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள திரும்ப வாங்க மறுத்தா அது முறையற்ற வணிக நடவடிக்கைன்னே இருக்கு. உங்களுக்கு மூணு வாரம் கிட்ட ஓடிடுச்சு, அதனால இன்னைக்கே எழுதுங்க.

முக்கியமா மெக்கானிக்கை இப்போதைக்கு பிரிக்க விடாதீங்க. பிரிச்சுட்டா "நீங்கதான் கெடுத்தீங்க"ன்னு ஒரே வரியில அவர் கேஸை முடிச்சுடுவார். வண்டியை ஓட்டாம நிறுத்திட்டு, கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு பார்க்கறது) எடுத்து ஒவ்வொரு சிலிண்டர் ரீடிங்கையும் தேதி போட்டு மெக்கானிக் கையெழுத்தோட வாங்கிக்கங்க, யார்டுக்காரருக்கு ஒரு மெசேஜும், போய்ச் சேர்ந்ததுக்கு ஆதாரம் கிடைக்கற மாதிரி ஒரு ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்க: இன்ன கோளாறு, இந்த எஞ்சினை நான் நிராகரிக்கிறேன், பிரிக்கறதா இருந்தா இன்ன தேதியில உங்க ஆளை அனுப்பலாம். நிராகரிக்கிறேன்னு சொல்லாம நாளைக் கடத்தினா ஏத்துக்கிட்டதா ஆயிடும், அப்புறம் நஷ்டஈடுதான் கேக்க முடியும், திருப்பித் தர முடியாது. பதில் வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், 2 வருஷம் டைம் இருக்கு. நம்பர் விஷயத்துல புகார் கொடுத்திருந்தா அந்த ரசீதையும் சேர்த்து வைங்க.

இன்னொண்ணு, எஞ்சின் மாத்தினதை ஆர்டிஓல சொன்னீங்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52வது செக்ஷன்படி அனுமதி வாங்காம எஞ்சின் மாத்தினா 14 நாளுக்குள்ள சொல்லணும், உங்களுக்கு அது தாண்டிப் போச்சு. ஆர்சியில ஒரு நம்பர், வண்டியில வேற எஞ்சின்னு ஓட்டி நாளைக்கு எங்கயாவது இடிச்சா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல தேடறது இதைத்தான்.

யார்டுல வாங்கவே கூடாதான்னு கேட்டீங்க. தாராளமா வாங்கலாம், கதவு, பம்பர், ஆல்டர்னேட்டர், கண்ணாடி எல்லாம் அங்கதான் லாபம். பில்லுல பார்ட் நம்பர், எந்த வண்டியில இருந்து எடுத்தது, அந்த வண்டியோட சேஸிஸ் நம்பர், எத்தனை நாளுக்குள்ள திரும்ப எடுத்துக்குவாங்கன்னு கையால எழுதி கையெழுத்து போடச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னு சொல்ற யார்டுல எஞ்சின், கியர்பாக்ஸ் மாதிரி பெரிய சாமான் வாங்காதீங்க. ஏர்பேக், சீட் பெல்ட் மட்டும் எந்த யார்டா இருந்தாலும் பழசு வேண்டாம், ஒரு விபத்துல இழுபட்ட பெல்ட்டான்னு வெளியில பார்த்து எப்பவும் சொல்ல முடியாது.