இன்னும் ஒரு மில்லி ஏற்றினால் எடை குறையுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 43 வயது. 2012-ல் சென்னையில் எடை குறைய கேஸ்ட்ரிக் பேண்ட் (இரைப்பையைச் சுற்றி வளையம் மாட்டும்) ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது 106 கிலோ. இரண்டு வருடத்தில் 79-க்கு வந்தேன். பிறகு மதுரைக்குக் குடிவந்தோம். செக்கப்புக்குப் போகவே இல்லை. எடை மெல்ல ஏறிவிட்டது. போன வருடம் வேறொரு டாக்டரிடம் போய் இரண்டு முறை பேண்டை இறுக்கிக்கொண்டேன். இப்போது அதில் 7 மில்லி உப்புநீர் இருக்கிறதாம். அதிலிருந்து சோறு, சப்பாத்தி, சிக்கன் எது சாப்பிட்டாலும் நெஞ்சில் நிற்கிறது. எச்சில் நுரை நுரையாகப் பொங்கி, வாந்தி எடுத்தால்தான் விடுகிறது. காலையில் இட்லிகூட இறங்குவதில்லை. இரவில் இருமல், தலையணை நனைந்து கிடக்கிறது. எடை மட்டும் குறையாமல் 94-ல் நிற்கிறது. மூட்டுவலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் போடுகிறேன். இன்னும் ஒரு மில்லி ஏற்றினால் சரியாகுமா? கணவரைத் தவிர யாருக்கும் இந்த ஆபரேஷன் தெரியாது. மாமியாரிடம் குடலிறக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: வேண்டாம், ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கிற நீரை வெளியே எடுக்கத்தான் நீங்கள் போக வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள்.

எடையைப் பற்றி விவரமாக எழுதிய நீங்கள் இருமலை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு உறுத்தியது அந்த வரிதான். படுத்தபின் இருமல், தலையணையில் ஈரம் என்றால், பேண்டுக்கு மேலே தேங்கிய உணவும் எச்சிலும் தொண்டைவரை ஏறி வருகின்றன என்று அர்த்தம். தூக்கத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போகிறது. விட்டுவைத்தால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இதை ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரோடு ஒரு வருடம் ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் சமயத்தில் இந்தக் கருவியைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள், இத்தனை வருடத்தில் மறந்திருக்கும். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிகான் வளையம். அதன் உள்பக்கத்தில் சைக்கிள் ட்யூப் மாதிரி ஒரு பலூன். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்து வைத்திருக்கும் போர்ட்டில் வந்து முடிகிறது. போர்ட்டில் ஊசி போட்டு உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வளையத்துக்கு மேலே மிஞ்சும் பை மிகச் சின்னது. இருமல் சிரப்போடு வரும் மூடியால் இரண்டு மூடி கொள்ளும், அவ்வளவுதான்.

சாப்பாட்டை மறித்து நிறுத்துவதுதான் பேண்டின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. நன்றாக மென்ற ஒரு வாய் உணவு, உணவுக்குழாய் சில முறை பிழிந்து தள்ளியதும், ஒரு நிமிடத்துக்குள் வளையத்தைத் தாண்டிப் போய்விட வேண்டும். அப்படித் தாண்டும்போது இரைப்பைச் சுவரில் படுகிற லேசான அழுத்தம் மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்லும். அளவு சரியாக இருந்தால் ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டதும் பசி அடங்கிவிடும், அடுத்த சில மணி நேரம் சாப்பாட்டு ஞாபகமே வராது, வாந்தியும் வராது. வாந்தி தினசரி ஆகிவிட்டதென்றால் பேண்ட் கடுமையாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட முடியாது. அளவு தாண்டிவிட்டது.

அப்படியானால் எடை ஏன் இறங்கவில்லை? நீங்கள் எழுதாததை நான் ஊகித்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சோறும் சிக்கனும் இறங்காத இடத்தில் ஐஸ்கிரீம் இறங்கும். பாயசம், மில்க்‌ஷேக், சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சி எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். முறுக்கு கடினம்போலத் தெரிந்தாலும் வாயிலேயே பொடியாகிக் கரைந்துவிடும்; டீயில் நனைத்த பிஸ்கட்டும் அப்படித்தான். என்னிடம் வந்த ஒரு பெண்மணி கல்யாணப் பந்தியில் முதல் கவளம் சாம்பார் சாதத்திலேயே மாட்டிக்கொண்டார். கைக்குட்டையை வாயில் வைத்தபடி மூன்று முறை எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போய் வந்தார். கடைசியில் இலையில் மிச்சமிருந்தது சோறும் பொரியலும். உள்ளே போனது இரண்டு கப் பாயசமும் ஒரு ஐஸ்கிரீமும். அன்றைக்கு அவர் ‘எதுவுமே சாப்பிடவில்லை’. அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. பேண்டை இறுக்க இறுக்க, நல்ல உணவுக்கு வழி அடைந்து இனிப்புக்கு மட்டும் வழி திறந்திருக்கும். இதை உங்கள் மன உறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நீரை எடுப்பது பெரிய வேலை இல்லை. படுக்க வைத்து, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கச் சொல்வார்கள். வயிறு விறைத்ததும் போர்ட் விரலுக்குத் தட்டுப்படும். சுத்தம் செய்துவிட்டு ஹூபர் ஊசி என்ற தனி ஊசியைப் போடுவார்கள். சாதாரண ஊசி போர்ட்டின் சிலிகான் மூடியைத் துளைத்துக் குடைந்துவிடும், இது அப்படிச் செய்யாது. ரத்தப் பரிசோதனைக்குக் குத்துகிற அளவு வலிதான். வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும், அளவும் குறிப்போடு ஒத்துப்போக வேண்டும். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் வந்தால் எங்கோ கசிவு. கலங்கலாக வந்தால் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பார்க்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். பல மாதத்துக்குப் பிறகு தண்ணீர் தடங்கலின்றி இறங்கும்போது அழுதுவிட்டவர்கள் உண்டு.

ஒரு நடைமுறைச் சிக்கல்: இப்போது பேண்ட் போடுகிறவர்கள் அபூர்வம், அதனால் அளவு சரிசெய்து பழகியவர்களும் குறைவு. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் பிரிவு உள்ள மருத்துவமனையாகப் பாருங்கள், போவதற்கு முன் போனில் ‘பேண்டில் இருந்து நீர் எடுப்பீர்களா, ஹூபர் ஊசி இருக்கிறதா’ என்று கேட்டுவிடுங்கள். கீமோதெரபி போர்ட்டுக்கும் இதே ஊசிதான், அதனால் ஊசி கிடைக்காது என்று யாராவது கைவிரித்தால் புற்றுநோய்ப் பிரிவில் கேட்கச் சொல்லுங்கள். 2012 டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். பேண்டின் மாடலைப் பொறுத்து அது கொள்ளும் நீர் 4 மில்லியிலிருந்து 14 மில்லிவரை மாறும். மாடல் தெரியாமல் ‘7 மில்லி’ என்பது வெறும் எண்.

நீர் எடுத்ததோடு நிறுத்திவிடாதீர்கள், சோதனையும் வேண்டும். பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். வளையத்துக்கு அடியில் இருக்க வேண்டிய இரைப்பை மேலே நழுவி ஏறியிருக்கிறதா, மேல் பை உப்பியிருக்கிறதா, உணவுக்குழாய் விரிந்து தளர்ந்துவிட்டதா என்று அதில் தெரிந்துவிடும். பேண்ட் சாய்ந்திருக்கும் கோணத்தைச் சாதாரண எக்ஸ்ரேயிலேயே பார்த்து நழுவலைச் சந்தேகிக்கலாம். போன வருடம் இரண்டு முறை ஏற்றியவர் இதில் ஒன்றையாவது பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. வாந்தியும் இருமலும் இருக்கிறவருக்குப் படம் பார்க்காமல் ஏற்றுவது சரியில்லை. உணவுக்குழாய் விரிந்திருந்தாலும் பல சமயம், பேண்டைக் காலியாக வைத்து ஒன்றரை மாதம் ஓய்வு கொடுத்தால் பழைய நிலைக்கு வரும்.

எண்டோஸ்கோப்பியும் கேளுங்கள். காரணம் உங்கள் மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா இரைப்பையில் புண் உண்டாக்கும். பேண்ட் உரசும் இடத்தில் புண் வந்தால் வளையம் மெல்ல இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுந்துவிடலாம். பெரிய வலிகூட இருக்காது. எத்தனை ஏற்றினாலும் இறுக்கமே தெரியாமல் போவது, எத்தனையோ வருடம் கழித்துத் திடீரென்று போர்ட் இருக்கும் இடம் சிவந்து சீழ் வைப்பது, இப்படித்தான் பலருக்கு வெளியே தெரிகிறது. அரித்துவிட்டால் பேண்டை எடுத்தே ஆக வேண்டும். இன்றே அந்த மாத்திரையை நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

எந்த அறிகுறிகள் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் இறங்கவில்லை, சொந்த எச்சிலையே விழுங்க முடியவில்லை, அல்லது மேல்வயிற்றில் விடாமல் கடுமையான வலி என்றால் அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நழுவிய இரைப்பைக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும் அபாயம் உண்டு, அங்கே மணிக்கணக்குதான். அந்த நேரத்தில் பேண்ட் நிபுணர்தான் வேண்டும் என்றில்லை, எந்தப் பொது அறுவை சிகிச்சை டாக்டரும் நீரை எடுத்துவிட முடியும்.

அப்புறம் தெருமுனை கிளினிக் விஷயம். வாந்தி என்றதும் ‘ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பா இருக்கும்’ என்பது நம் ஊர் வழக்கம். வாரக்கணக்கில் வாந்தி எடுப்பவர் உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் எல்லாம் அதன் அறிகுறிகள். டிரிப் போடும் நிலை வந்தால் ‘முதலில் தயமின் போடுங்கள்’ என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.

ஆனால் உங்களால் கேட்க முடியாத நிலையில் இருந்தால்? அதனால்தான் உங்கள் ரகசியம் எனக்குக் கவலை தருகிறது. கணவர் வேலைக்குப் போயிருக்கும்போது நீங்கள் மயங்கி விழுந்தால் ஆம்புலன்சில் கூட வரப்போவது மாமியார்தான். அவர் ‘ஹெர்னியா ஆபரேஷன் ஆனவள்’ என்பார், டாக்டரும் அதை நம்புவார். மாமியாரிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. பர்சில் ஆதார் அட்டையோடு ஒரு சீட்டு இருக்கட்டும்: ‘கேஸ்ட்ரிக் பேண்ட், 2012, போர்ட் இடதுபக்கம், இத்தனை மில்லி’. போர்ட் எந்தப் பக்கம் என்பதை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். பல் பிடுங்கினாலும் கண்புரை ஆபரேஷன் ஆனாலும் மயக்க மருந்து கொடுக்கப்போகிறவருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

நீர் எடுத்த இரண்டு நாள் நீர்மோர், ரசம், பருப்புத் தண்ணீர். அடுத்து குழைந்த பருப்பு, தயிர், அவித்த முட்டை, மசித்த காய். பேண்டுக்கு மேலே சோறு களியாகத் திரளும், சூடு ஆறிய சப்பாத்தி உருண்டையாகும், பஞ்சு மாதிரி பிரெட் இன்னும் மோசம். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார் வேண்டவே வேண்டாம். டீஸ்பூனில் சாப்பிடுங்கள், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஸ்பூனைக் கீழே வையுங்கள். சோடா, கோலா கூடாது.

பசி திரும்ப வரும், இரண்டு மூன்று கிலோ ஏறவும் ஏறலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி இறுக்க ஓடாதீர்கள். படம் நன்றாக வந்த பிறகுதான் திரும்ப ஏற்றுவது, அதுவும் அரை மில்லி, அதிகபட்சம் ஒரு மில்லி, நடுவில் சில வார இடைவெளி.

பேண்டே வேண்டாம் என்று எடுத்துவிடலாமா என்பதையும் இப்போதே யோசிக்க ஆரம்பியுங்கள். 2001-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்த பிறகு உலகமெங்கும் கொடிகட்டிப் பறந்த சிகிச்சை இது. இரைப்பையை வெட்டுவதில்லை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்பதுதான் விளம்பரம். வருடங்கள் போகப் போக, நழுவல், அரிப்பு, போர்ட் கோளாறு என்று மறு ஆபரேஷன்கள் கூடின. எல்லோரும் ஸ்லீவுக்கும் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல் ஆக்குவது) பைபாஸுக்கும் (இரைப்பையில் சின்னப் பை அமைத்து நேரே சிறுகுடலோடு இணைப்பது) மாறினார்கள். இவ்வளவு காலம் கழித்து எடுக்க வேண்டி வருகிறவர்கள் ஏராளம், நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். லேப்ரோஸ்கோப்பியிலேயே எடுப்பார்கள். வெறுமனே எடுத்துவிட்டால் எடை திரும்ப ஏறுவது சகஜம், அதனால் வேறு ஆபரேஷனுக்கு மாற்றலாமா என்று பேச்சு வரும். யாராவது ஸ்லீவ் என்று சொன்னால் உங்கள் எதுக்களிப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும், உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் பைபாஸைத்தான் பரிந்துரைப்பார்கள்.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடியுங்கள், கெட்டி உணவு எதுவும் வேண்டாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் தலா ஒரு செங்கல் வையுங்கள். இரண்டு தலையணை போட்டால் கழுத்துதான் மடங்கும், நெஞ்சு உயராது.