இரண்டாவது கட்டத்தை யார் நிரப்புவது?

வணக்கம் சேர்,

நான் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். உயர்தரம் முடித்து, கொஞ்சக் காலம் முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு இந்த வருடம்தான் இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் தோட்டத்தில் இந்த வேலைக்கு வந்த முதல் பெண்பிள்ளை நான்தான். அம்மா இதே டிவிசனில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அதனால் என் கீழே வேலை செய்பவர்களில் பாதிப்பேர் எனக்கு மாமி, பெரியம்மா, அக்கா முறை.

நான் மலைக்குள் இறங்கினால் பேச்சு நின்றுவிடுகிறது. மருந்துத் துண்டு வாசிக்க, பிள்ளையின் பாடசாலைக்குக் கடிதம் எழுத எல்லாம் என்னிடம்தான் வருகிறார்கள். வேலை விஷயம் என்றால் மட்டும் "சரிங்க மிஸ்". அதற்கு மேல் ஒரு சொல் வராது.

போன மாதம் கண்டியில் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிறரை நடத்துவதற்கு முன் உன்னை அறிந்துகொள் என்று சொல்லி, நான்கு கட்டம் போட்ட ஒரு தாள் தந்தார்கள். இரவு அறையில் தனியாக இருந்து உண்மையாகவே நிரப்பினேன். "மற்றவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது" என்ற கட்டத்தில் "கோபம்" என்று எழுதினேன். பயிற்றுநர் பாராட்டினார்.

திரும்பி வந்த கிழமையே, பின்னேர நிறுவையில், அம்மாவின் வயதுள்ள ஒருவரை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். கூடையில் முற்றின இலை கிடந்தது, அவ்வளவுதான். அன்று இரவு நித்திரை இல்லை. நான் ஏன் இப்படி என்று யோசித்து யோசித்து, சின்ன வயதில் அப்பா கத்தியது வரைக்கும் போய்விட்டேன்.

மற்றபடி மேலிடத்தைக் குறை சொல்ல முடியாது. துரை, அதாவது தோட்ட முகாமையாளர், நல்லவர். தினமும் இரண்டு மணிக்கு மேல் போன் எடுத்து கிலோ கேட்பார். குறைந்தாலும் ஏச மாட்டார். "ம்" என்பார், வைத்துவிடுவார்.

தன்னை அறிவது என்றால் உண்மையில் என்ன செய்வது? அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதா, கேட்டால் எல்லார் முன்னாலுமா, தனியாகவா? சொந்தக்காரர் இல்லாத வேறு டிவிசனுக்கு மாற்றம் கேட்டால் எல்லாம் சரியாகுமா? தோட்டம் சின்னது, என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள மகள்,

முதலில் அந்தத் தாள். அது ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955 இல் வெளியிட்டது. இரண்டு பேரின் முதற்பெயர்களையும் ஒட்டி ஜோஹாரி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, யாருக்குமே தெரியாதது என்று நான்கு கட்டங்கள். ஒருவர் தன்னைப் பற்றிச் சில சொற்களைத் தெரிவு செய்வார், கூட இருப்பவர்களும் அவரைப் பற்றித் தெரிவு செய்வார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இதுதான் அதன் முறை. உங்களுக்கு அதை விடுதி அறையில் தனியாக இருந்து நிரப்பக் கொடுத்திருக்கிறார்கள். பிறருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாததை நீங்களே எப்படி எழுத முடியும்? நீங்கள் "கோபம்" என்று எழுதிய அந்த நிமிடமே அது வேறு கட்டத்துக்குப் போய்விட்டது. பயிற்றுநர் ஏன் பாராட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கலாம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பின்னேர நிறுவையில் கத்தினேன் என்று ஒரு பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். தினமும் இரண்டு மணிக்கு மேல் துரை போன் எடுப்பார் என்று அடுத்த பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். "மற்றபடி" என்று ஒரு வார்த்தையைப் போட்டு இரண்டையும் பிரித்தும் வைத்திருக்கிறீர்கள். உங்களை ஒருநாளும் பார்த்திராத எனக்கே இந்த இரண்டு பத்திகளையும் சேர்த்து வாசிக்க வருகிறது. மலையில் நிற்கிற மாமிமாருக்கு வராதா? கூடை முதுகில்தானே தொங்குகிறது, அதில் என்ன கிடக்கிறது என்று பின்னால் வருகிறவளுக்குத்தான் தெரியும். உங்கள் கையில் போன் இருந்தால் எப்படி நிற்க வேண்டும், "ம்" வந்த நாளில் எந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவர்கள் ஏற்கனவே பேசி வைத்திருப்பார்கள். நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். பிழையா என்று நீங்களே பார்க்கலாம், அதற்கு அப்பா வரைக்கும் போகத் தேவையில்லை.

டாஷா யூரிக் என்ற உளவியலாளர் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். தங்களைத் தாங்களே நன்றாக அறிந்திருப்பதாகத்தான் பெரும்பாலானோர் நம்புகிறார்கள். ஆனால் அவருடைய ஆய்வுகளில் உண்மையிலேயே அப்படி இருந்தவர்கள் 10 முதல் 15 சதவீதம்தான். "நான் ஏன் இப்படி" என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் தெளிவடைவதை விடக் குழம்புவதுதான் அதிகம் என்றும், "என்ன நடந்தது, நான் என்ன செய்யலாம்" என்று கேட்பவர்கள் முன்னேறுகிறார்கள் என்றும் சொல்கிறார். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஏன் என்று கேட்டால் மனம் ஒரு கதையைக் கட்டித் தந்துவிடும், அப்பா, சின்ன வயது, ஜாதகம் என்று. அந்தக் கதை உண்மையா என்று பார்க்க வழியில்லை. ஆகவே ஒரு சின்னக் கொப்பியை வைத்துக்கொண்டு, குரல் உயர்ந்த ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுதுங்கள். எத்தனை மணி, யாரிடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, வாயிலிருந்து வந்த சொல் எது. காரணம் எழுத வேண்டாம். ஒரு மாதம் போனால் கொப்பியே சொல்லிவிடும்.

அந்தக் கடைசி விஷயத்தை, அதாவது வந்த சொல்லை, விடாமல் எழுதுங்கள். ஏனென்றால் நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி உங்களை விட வயது கூடியது. கோப்பிக் காலத்தில் ஆட்களைக் கடனோடு கூட்டி வந்த கங்காணியிடமிருந்து தொடங்குகிற வரிசை அது. தொழிலாளியின் கடனை எழுதி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921 இல் சட்டப்படி ஒழிந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. முதலாளி மாறியபோதெல்லாம் பெரட்டுக் களத்தில், அதாவது விடிய வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், பேசுகிற பேச்சும் கூடவே மாறியதா? "ஏய்", "வா இங்க", பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, நாலு பேர் பார்க்கத் திட்டுவது எல்லாம் கைமாறிக் கைமாறி வந்தவை. பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மேல் பார்ப்பவர்கள் வெகுகாலம் ஆண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சின்னப் பிள்ளையாக இஸ்தோப்புத் திண்ணையில் இருந்து கேட்ட அதிகாரக் குரல்கள் எல்லாம் ஆண் குரல்கள். அன்று நிறுவையில் வந்தது உங்கள் குரலா, அவற்றில் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. கொப்பியில் இருக்கும்.

இன்னொன்று. 2006 இல் ஆதம் கலின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரைத் தாங்கள் பிறர்மேல் அதிகாரம் செலுத்திய ஒரு சந்தர்ப்பத்தை நினைத்து எழுதச் சொன்னார்கள். மற்றப் பகுதியினரைத் தங்கள்மேல் பிறர் அதிகாரம் செலுத்திய சந்தர்ப்பத்தை எழுதச் சொன்னார்கள். பிறகு எல்லாரையும் தங்கள் நெற்றியில் ஆங்கில ஈ எழுத்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறவருக்கு நேராக இருந்தால் எதிரே நிற்பவருக்கு அது இடம்வலம் மாறித் தெரியும். அப்படித் தன் பக்கமிருந்து எழுதியவர்கள், அதிகாரத்தை நினைத்த கூட்டத்தில் மற்றக் கூட்டத்தை விட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு பழைய ஞாபகத்துக்கே இப்படி என்றால், தினமும் விடியப் பெரட்டில் நின்று மலை பிரித்துக் கொடுப்பவருக்கு எப்படி இருக்கும்? முன்பள்ளியில் படிப்பித்த நல்ல பிள்ளையாகவே இருந்தாலும் அந்த நாற்காலி பார்வையைக் கொஞ்சம் திருப்பிவிடும்.

சரி, மாமிமாருக்குத் தெரிந்ததை எப்படிக் கேட்டு வாங்குவது? இதுதான் கடினமான பகுதி. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்த கதையை மேடைகளில் அவருடைய துணிச்சலுக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. புடவை விற்க வருகிறவன் முன்னால் யாரும் வாயைக் காவல் வைப்பதில்லை. அவன் கோபித்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழாது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. என்ன வேடம் போட்டாலும் "இன்னாருடைய மகள்தானே" என்று நூறு யாருக்கு அப்பாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகவே "நான் எப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருக்கீங்க மிஸ்" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள், அதை நம்பியும் விடுவீர்கள். ஒரு குறிப்பிட்ட காரியத்தைப் பற்றிக் கேளுங்கள். நேற்று நிறுவையில் இலையின் தண்ணீருக்கு என்று கிலோ கழித்தபோது நான் சொன்ன விதம் எப்படி இருந்தது? ஐந்தாம் நம்பர் மலையை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும்? கேட்க வேண்டிய ஆளையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். இன்னும் சில மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர் நல்லவர். அதை விட நல்லவர், உங்களோடு எப்போதும் மல்லுக்கு நிற்கிற அந்த மாதர் சங்கத் தலைவி. எழுதவில்லையே, எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? ஒவ்வொரு டிவிசனிலும் ஒருவர் இருப்பார். அவர் உங்களுக்கு இடைஞ்சல் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் சம்பளத்தில் ஒரு சதம் கேட்காமல் உங்கள் குறையைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

சொன்ன பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விளக்கம் சொல்லாதீர்கள். "சரி மாமி" போதும். மறுநாள் அதில் ஒன்றையாவது கண்ணுக்குத் தெரியும்படி மாற்றுங்கள். அப்புறம், மலை பிரிக்கும்போது கவனம். முதல் நாள் உண்மை சொன்னவருக்கு மறுநாள் தற்செயலாகச் செங்குத்தான மலை விழுந்தால்கூட, தற்செயல் என்று லயத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை பயிற்சிக்குப் போய் வந்தாலும் உங்களுக்கு "சரிங்க மிஸ்" மட்டும்தான். உண்மை சொல்வதால் அவர்களுக்கு நட்டம் வரக்கூடாது. உங்கள் அளவில் தன்னை அறிவது என்பதில் பாதிக்கு மேல் இந்த ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன்.

உங்களிடம் உள்ள நல்லதையும் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. மருந்துத் துண்டை வாசிக்கக் கொடுப்பது என்றால் உடம்பின் ரகசியத்தையே கொடுப்பது. முந்திய உத்தியோகத்தரிடம் எத்தனை பெண்கள் அதைக் கொடுத்திருப்பார்கள்? ஆகவே உங்களை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. கிலோ என்ற பேச்சு வரும் இடத்தில் மட்டும் நம்பிக்கை நின்றுவிடுகிறது. அது ஒரு சின்ன இடம். மலையில் பெண்களுக்கு ஒதுங்க ஒரு கழிப்பிடம் இல்லாதது பற்றி மேலிடத்தில் கதைக்க உங்களுக்கு இருக்கிற உரிமை இதுவரை இருந்த எந்த ஆணுக்கும் இருந்ததில்லை. அதைத் தொடங்கினீர்களா? கேட்கத்தான் செய்கிறேன்.

இந்தப் பயிற்சிகள் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று நீங்கள் தீர்மானிப்பதில்லை. அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது, மேலே எங்கோ முடிவாகிறது. குறைந்தால் அரைப்பேர் என்பதும் உங்கள் கண்டுபிடிப்பு அல்ல. அந்த நெருக்கடியை அப்படியே வைத்துக்கொண்டு, இடையில் நிற்கிறவரைக் கூப்பிட்டு "உன்னை அறி" என்றால், குற்றம் முழுக்கத் தன் குணத்தில்தான் என்று அவர் வீட்டுக்கு வந்து நித்திரை இல்லாமல் கிடப்பார். உங்களுக்கு நடந்ததும் அதுதான். துரையின் "ம்" உங்களுடையது அல்ல. அதை வாங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் இன்னொருவர் தலையில் இறக்குவது மட்டும்தான் உங்களுடையது. போன் வந்த பிறகு நிறுவைக்குப் போகுமுன் பத்து நிமிடம் எடுங்கள். முடிந்தால் துரையிடமே ஒருநாள், இன்றைக்குக் கிலோ ஏன் குறைந்தது என்று அவர் "ம்" சொல்வதற்கு முன்னால் நீங்களாகச் சொல்லிப் பாருங்கள். நல்லவர் என்கிறீர்கள், தன் "ம்" எங்கே போய் விழுகிறது என்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மன்னிப்பு: எல்லார் முன்னாலும் கத்தினீர்கள், ஆகவே எல்லார் முன்னாலும் கேளுங்கள். அதே நிறுவை இடத்தில், தராசைத் தொடுவதற்கு முன். "அன்றைக்கு உங்களை அப்படிப் பேசியது பிழை, பெரியம்மா" என்றால் போதும். முறை என்னவோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அந்த இடத்தில் பேர் வேண்டாம். போன் வந்த கதை, நித்திரை வராத கதை எதுவும் வேண்டாம். அதைச் சொன்னால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். முற்றின இலையைப் பற்றியும் அன்று பேச வேண்டாம், அது அடுத்த நாள் வேலை. வீட்டுக்குப் போய் இரண்டாம் தடவை கேட்கவும் வேண்டாம்.

மாற்றம்: இப்போது கேட்காதீர்கள். தெரியாத டிவிசனில் முதல் நாளிலிருந்தே நீங்கள் மிஸ்தான், எதுவும் உங்கள் காதுக்கு வராது. இங்கே குறைந்தது உங்கள் அம்மாவிடமாவது யாராவது வந்து முணுமுணுப்பார்கள். அம்மா அதை உங்களிடம் சொல்லாமல் மறைக்கிறாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஒரு கொழுந்துக் காலம் முழுக்க இப்படிச் செய்தும் ஒன்றும் அசையவில்லை என்றால் மாற்றம் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.