ஓர்டரை எந்த மேசையில் மறிப்பது?

வணக்கம் அக்கா,

கிளிநொச்சியில் ஒரு கார்மென்ற்சில் வேலை செய்கிறேன். இத்தாலித் துறைமுகத்தில் தொழிலாளர்கள் ஆயுதம் ஏற்ற மாட்டோம் என்று நின்றதை வாசித்தேன். எங்களிடம் கப்பல் இல்லை, தையல் மெஷின்தான் இருக்கு. நாளைக்கு ஏதோ ஒரு நாட்டு ஆமிக்குச் சீருடை தைக்கச் சொல்லி ஓர்டர் வந்தால்? முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த பிள்ளைகள் எங்கட லைனில் இருக்கினம். மறுக்கேலுமா? இங்கே சங்கம் என்றால் சம்பளம் கூட்டிக் கேட்கிறது மட்டும்தானே?

ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சி,

மறுக்கலாம். தனியாக மறுத்தால் மட்டும் அது வேலைநீக்கக் கடிதத்தோடு முடியும். ஓவர்டைம் காசுக்காகச் சேர்ந்து நின்று பழகாத லைன் போருக்கு எதிராக ஒருநாளும் நிற்காது. ஆகவே சம்பளம் கேட்கிற சங்கத்தை இளக்காரமாகப் பார்க்காதீர்கள்.

1974 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைட் ரோல்ஸ் ரொய்ஸ் தொழிற்சாலைக்குச் சிலி விமானப்படையின் ஹண்டர் விமான எஞ்சின்கள் திருத்தத்துக்கு வந்தன. ஆறு மாதத்துக்கு முன், 1973 செப்ரெம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, சிலி ஜனாதிபதி மாளிகையில் குண்டு போட்டவை ஹண்டர் விமானங்கள்தான். பரிசோதகர் பொப் ஃபுல்டன் அவற்றில் கை வைக்க மறுத்தார், சங்கமும் கூட நின்றது. நான்கு வருடம் முற்றத்து மழையில் கிடந்த எஞ்சின்களை 1978இல் இரவோடிரவாகத்தான் எடுத்துப் போனார்கள். அங்கே மறுப்பு விழுந்தது வேலை தொடங்குகிற இடத்தில்.

உங்களுக்கு அந்த இடம் கட்டிங். துணியை அடுக்கி விரித்து வெட்டும்வரை அது வேறு ஓர்டருக்கும் போகக்கூடிய துணி. வெட்டிவிட்டால் நட்டம் உங்கள் தலையில்; வேண்டுமென்றே சேதம் செய்தீர்கள் என்று எழுதுவார்கள். கட்டிங் நின்றால் கையிலுள்ள பண்டில் முடிய லைன்கள் தாமாகவே ஓயும். ஆனால் கட்டிங்கில் ஆட்கள் கொஞ்சம். வேறு கிளையிலிருந்து ஆள் இறக்குவது சுலபம். ஸ்டோர்சும் பக்கிங்கும் கூட நிற்காவிட்டால் இரண்டாம் நாளே உடைத்துவிடுவார்கள்.

அதற்கு முன், ஓர்டர் யாருக்கென்று உறுதியாகத் தெரிய வேண்டும். பச்சைப் புள்ளி போட்ட துணியெல்லாம் ஆமித் துணி இல்லை. வேட்டைக்காரரும் போடுவார்கள், வெளிநாட்டுப் பெடியளும் ஃபெஷனுக்குப் போடுவார்கள். ஸ்டைல் ஷீட், லேபிள், பெட்டியில் அடிக்கிற விலாசம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வதந்தியை நம்பி ஒருமுறை பிழைவிட்டால் அடுத்தமுறை ஒருவரும் எழும்பமாட்டார்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். முதலாளி பேச்சுக்கு வந்தே ஆகவேண்டும் என்றால், 1999இல் திருத்திய கைத்தொழில் பிணக்குச் சட்டப்படி, 40 வீதமானோர் உறுப்பினராக வேண்டும். ஆயிரம் பேர் என்றால் நானூறு. அறுநூறு சேராமல் கேட்காதீர்கள். அந்த 40 வீதம் இருக்கிறதா என்று பார்க்கிற வாக்கெடுப்பு என்றதும் சுப்பர்வைசர் வீடுவரை வருவார், கொஞ்சப்பேர் பின்வாங்குவார்கள். கம்பனி வைத்துத் தருகிற ஊழியர் சபை சங்கம் ஆகாது. மேன்பவரில், அதாவது ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலம், வருகிற பிள்ளைகளை விட்டுவிட்டால் அவர்களை வைத்தே லைனை ஓட்டுவார்கள்.

சட்டம் காப்பது தொழில் பிணக்கை. வேலை நிபந்தனை, சம்பளம் போன்றவைதான் அதற்குள் வரும். தூரநாட்டுப் போர் வராது. தடித்த துணியில் ஊசி முறிகிறது, டார்கெட் எட்டவில்லை, துணி மருந்து கண்ணை எரிக்கிறது என்று உண்மையான குறை இருந்தால் அதையும் கோரிக்கையில் எழுதுங்கள். இல்லாததை எழுத வேண்டாம், முதல் விசாரணையிலேயே பிடிபடும். இத்தாலிக்காரருக்கு 1990ஆம் ஆண்டின் 185ஆம் இலக்கச் சட்டம் கையில் இருந்தது. போர் நடக்கிற நாட்டுக்கு ஆயுதம் அனுப்புவதை அது தடுக்கிறது. நமக்கு அப்படியொன்று இல்லை.

அடுத்தது காசு. 1938இல் அவுஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளா துறைமுகத்தில், சீனாமீது போர் செய்த யப்பானுக்கு இரும்பு ஏற்ற மறுத்தவர்கள் பத்து வாரம் நின்றார்கள். உருக்காலையை மூடி ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பி நெருக்கினார்கள். கடைசியில் ஏற்ற வேண்டியதாயிற்று. நீண்டநாள் நிற்கக் கையில் காசு வேண்டும். ஆகவே சந்தாவைப் பற்றுச்சீட்டோடு வாங்கி, இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாத கணக்கில் போடுங்கள்.

எங்கள் நாட்டுச் சங்கங்கள் ஏன் போரைத் தடுக்கவில்லை என்ற கேள்வியும் உங்கள் கடிதத்துக்குள் இருக்கிறது. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 பேரை அரசாங்கம் வேலையால் நிறுத்தியது. மூன்று வருடம் கழித்துப் போர் வந்தபோது சங்கங்களிடம் பலம் மிச்சமில்லை, இனத்தாலும் கட்சியாலும் பிரிந்தும் கிடந்தன. வன்னியில் துவக்கு வைத்திருந்த எவரும் தமக்கு அடங்காத சங்கத்தை விட்டுவைத்ததில்லை.

இங்கே மறித்த ஓர்டர் வவுனியாவுக்கோ கட்டுநாயக்காவுக்கோ போகும். அங்கே தைக்கிற பிள்ளைகளோடு, சிங்களப் பிள்ளைகளோடும், முன்கூட்டியே தொடர்பு வேண்டும். 2008இல் சிம்பாப்வேக்கு ஆயுதம் கொண்டுவந்த சீனக் கப்பலில் சரக்கு இறக்கத் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத் தொழிலாளர்கள் மறுத்தபோது, அயல்நாட்டுத் துறைமுகச் சங்கங்களுக்கும் சொல்லி வைத்தார்கள்.

கம்பனி பஸ்சில் கதைக்காதீர்கள். ஒரு பஸ்சுக்கு ஒருவர், ஒரு லைனுக்கு ஒருவர் என்று ஆள் பிடித்து, ஊரில் வீட்டில் வைத்துக் கதையுங்கள். பெயர்ப் பட்டியல் கொப்பியில் இருக்கட்டும். வட்ஸ்அப்பில் போடவேண்டாம், எனக்கும் அனுப்பவேண்டாம்.