பத்துக்குப் பத்து அறையில் டிரம்ஸ்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் (மொட்டைமாடியில்) ஓர் அறை கட்டி, சபைப் பாடல்களை நாங்களே பதிவு செய்கிறோம். நீளம், அகலம், உயரம் எல்லாமே பத்தடி. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். டிரம்ஸுக்கு நாலு மைக் இருக்கிறது: காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான கிக்குக்கு ஒன்று, குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்மான ஸ்னேருக்கு ஒன்று, மேலே இரண்டு. மேலே உள்ளதில் ஒன்று, ஒயர் எட்டாததால் ஸ்னேரிலிருந்து மூன்றடி கூடுதலாகத் தள்ளி நிற்கிறது. ஸ்னேர் தகர டப்பா மாதிரி கேட்கிறது. கிக் அறையில் சப்பையாக இருக்கிறதே என்று பாஸைக் கூட்டினால், காரில் போடும்போது கண்ணாடி அதிருகிறது. எட்டு மைக் செட் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? கீழே இருப்பது தாத்தா காலத்து வீடு.

— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

வாங்க வேண்டாம். பணம் அப்படியே இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரிதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

டவுனில் எனக்கும் இதே அளவில் ஓர் அறை இருந்தது. கிக் சத்தம் வரவில்லை என்று மூன்று மாதம் மைக்கையும் தோலையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பேனா கீழே விழுந்து மூலைக்கு உருண்டது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் தேடிய கிக் மொத்தமும் அந்த மூலையில் இருந்தது.

நம்மூர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். பத்தடி தள்ளி எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 57 அதிர்வு) பக்கத்துச் சத்தம் மோதி, திரும்பி, தன்மேலேயே ஏறி நிற்கும். சுவரோரம் பெருத்திருக்கும், நட்டநடுவில் ஒன்றுமே இருக்காது. கிக்கின் அடிநாதமும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். நீளமும் அகலமும் உயரமும் வேறுவேறாக இருந்தால் இந்த மேடுபள்ளம் வேறுவேறு சுருதியில் சிதறிவிடும். உங்கள் அறையிலோ மூன்று திசையும் ஒரே சுருதியைப் பிடித்துக்கொள்கின்றன. நீங்கள் நடுவில் உட்கார்ந்து, காதுக்கு வராததைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். அப்படிக் கூட்டியதுதான் காரில் கண்ணாடியை உலுக்குகிறது.

அந்த 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் இருபதடி. முட்டை அட்டை அதை ஒன்றும் செய்யாது. சிம்பல் என்கிற உலோகத் தட்டின் பளபளப்பைக் கொஞ்சம் மங்கவைக்கும், அவ்வளவுதான். ஒயர் ஓடுகிற அறையில் தீப்பிடிக்கிற பொருள் வேறு. பிய்த்துவிடுங்கள்.

சரி, கீழே வருவோம். பழைய வீடு என்றால் முன்பக்கத் தார்சாவைத் தாண்டி ஒரு பட்டாசல், அதாவது கூடம் இருக்கும். நீளம் ஒன்றாக, அகலம் ஒன்றாக, மேலே மர உத்திரங்களோடு. ரெண்டாங்கட்டுப் பக்கம் திறந்தும் இருக்கும். கனமான அடிச்சத்தம் வெளியேற அந்த வழி போதும். பீரோவையும் கட்டிலையும் ஒதுக்க வேண்டாம், சத்தத்தைச் சிதறடிக்க அவை உதவும். தரையில் கனமான ஜமுக்காளம் விரியுங்கள். தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமை மட்டும் தூக்கிக்கொண்டு போய் அங்கங்கே வைத்து, வேறு யாரையாவது ஒரே மாதிரி அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏழெட்டு அடி தள்ளி நின்று கேளுங்கள். ஏதோ ஓரிடத்தில் சத்தம் தானாகவே நிறைந்து வரும். டிரம்ஸை அங்கே போடுங்கள். மேல் அறைதான் என்றால், டிரம்ஸை நடுவிலிருந்து விலக்குங்கள். மூலைகளில் தடித்த இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாத்தி, சிம்பல்களுக்கு மேலே கூரையிலும் ஒன்றைக் கட்டுங்கள். முழுசாகத் தீராது, ஆனால் வித்தியாசம் தெரியும்.

ஸ்னேரின் குறைக்குக் காரணம் அந்த மூன்றடி. ஸ்னேரின் சத்தம் ஒரு மைக்குக்குச் சீக்கிரமும் மற்றதற்கு மூன்றடி தாமதமாகவும் போகிறது. சபை ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகக் கலக்கும்போது 190 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்னேரின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. உடம்பு போனால் மிஞ்சுவது தகரம்தான். ஒரு சணல் கயிறு எடுத்து, ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மறுமுனையை ஸ்னேருக்கு மேலே உள்ள மைக் வரை இழுத்து, எட்டும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றை ஃப்ளோர் டாம் பக்கம் திருப்புங்கள். முடிச்சு வந்து நிற்கும் இடம்தான் இரண்டாவது மைக்குக்கு. நீளமான ஒயர் ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலாந்து ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் 1960களின் இறுதியில் மூன்று நான்கு மைக்குகளை வைத்து இப்படித்தான் பதிவு செய்தார். அந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மைக்கைத் தொடும் முன் தோலைப் பாருங்கள். சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்துக்கு மகுடம் என்கிற தோல் வாத்தியம் அடிப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, விறைப்பு ஏறிய பிறகுதான் அடிக்க இறங்குவார்கள். நம் பிளாஸ்டிக் தோலுக்குத் தீ வேண்டாம், திருகை முறுக்கும் சாவி போதும். ஒவ்வொரு திருகின் ஓரத்திலும் மெல்லத் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி வருகிறதா என்று பாருங்கள். அடிப்பவரிடம் சிம்பலை மட்டும் கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். சின்ன அறையில் சிம்பலின் அளவை அவர் கையால்தான் குறைக்க முடியும், பிறகு பதிவுகளைக் கலக்கும் மிக்ஸில் முடியாது.

மிக்ஸில் செய்ய வேண்டியது அதிகமில்லை. மேல் மைக் இரண்டையும் முதலில் ஏற்றுங்கள். டிரம்ஸின் முழு உருவம் அதில்தான் இருக்கிறது. பிறகு கிக்கைச் சேர்த்து, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனை ஒரு தடவை போட்டும் எடுத்தும் பாருங்கள். எதில் அடிச்சத்தம் கனமாக வருகிறதோ அப்படியே விடுங்கள். ஸ்னேருக்கும் அதே சோதனைதான். கிக்கில் 350, 400 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம் போகும். உரத்த சத்தத்தை அடக்கும் கம்ப்ரஸர் போட்டால், அது அடக்க எடுத்துக்கொள்ளும் நேரமான அட்டாக்கை 20, 30 மில்லிசெகண்டில் வையுங்கள், குச்சியின் முதல் அடி தப்பி வரட்டும். பாஸ் முடிவுகளை அந்த அறையின் நடுவில் உட்கார்ந்து எடுக்காதீர்கள், ஹெட்போனில் கேட்டு எடுங்கள்.

ஒரே பாட்டை, அதே ஆளை வைத்து, அதே நாலு மைக்கோடு மேலே ஒருமுறையும் பட்டாசலில் ஒருமுறையும் எடுத்து அனுப்புங்கள். இரண்டையும் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதுகிறேன்.