சங்கீதம் 136 சொல்வது கிருபையைத்தான்

கேள்வி: "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சங்கீதம் 136-இல் வருகிறதே, அந்த எபிரெயச் சொல்லுக்கு "நிந்தை" என்றும் அர்த்தம் உண்டு என்று ஒரு போதகர் சொன்னார். என் வேதாகமச் செயலியிலும் ஸ்ட்ராங்ஸ் எண் (வேதாகமத்தின் ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் கொடுத்த வரிசை எண்) 2617-இல் இரண்டும் இருக்கின்றன. இத்தனை நாள் தவறாகவா பாடினோம்?

பதில்: இல்லை, தைரியமாகப் பாடுங்கள். 26 வசனங்களிலும் வருவது "ஹெசெத்". உறவுக்கும் உடன்படிக்கைக்கும் உண்மையாக நின்று காட்டும் தயவு என்பது அதன் பொருள். ரூத் 1:8-இல் நகோமி தன் மருமக்கள் செய்ததைச் சொல்வதும் இதே சொல்லால்தான்.

குழப்பம் எண்ணில் இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் எண் கொடுத்தபோது, எழுத்தும் ஒலியும் ஒன்றான இரண்டு சொற்களை 2617 என்ற ஒரே எண்ணில் போட்டுவிட்டார். நம் "ஆறு" நதியும் ஆகும், எண்ணும் ஆகும். அதற்காகக் காவிரி ஆற்றில் எண்ணைத் தேடுவோமா?

"நிந்தை" என்ற பொருளில் இந்தப் பெயர்ச்சொல் வருவது இரண்டே இடங்களில். ஒன்று நீதிமொழிகள் 14:34: "நீதி ஜனத்தை உயர்த்தும், பாவமோ எந்த ஜனத்துக்கும் இகழ்ச்சி." முதல் பாதியில் "உயர்த்தும்" என்று இருப்பதால், எதிராக நிற்கும் சொல் தாழ்வைத்தான் குறிக்க முடியும். மற்றது லேவியராகமம் 20:17. சகோதரியைச் சேருவதைக் கண்டிக்கும் அந்தச் சட்டத்தில் தயவுக்கு இடமே இல்லை. அங்கே வருவது எபிரெயத்துக்கு நெருங்கிய மொழியான அரமேயத்தில் "அவமானம்" என்று பொருள்படும் சொல் என்று 11ஆம் நூற்றாண்டிலேயே யூத வேத விளக்கவுரையாளர் ராஷி விளக்கிவிட்டார். அதே மூச்சில், காயீன் தன் சகோதரியை மணந்தது உலகம் பெருகக் கடவுள் காட்டிய ஹெசெத் என்ற பழைய விளக்கத்தையும் தருகிறார். அது சொல்லை வைத்துச் செய்த உபதேசம். அகராதிப் பொருள் ஆகாது. இந்த இரண்டையும் கலப்பதால்தான் இத்தனை தொல்லை.

இனி செயலியில் அந்த எண்ணைத் தட்டும்போது முக்காற்புள்ளியும் கோடும் சேர்ந்த குறியை (:—) தேடுங்கள். அதற்குப் பின்னால் உள்ளவை அர்த்தங்களே அல்ல. கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் அந்தச் சொல்லை எங்கெங்கே எப்படி மொழிபெயர்த்தது என்ற வெறும் பட்டியல். பல செயலிகள் அந்தக் குறியைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் "பொருள்" என்று காட்டுகின்றன. லட்சக்கணக்கானோர் வேதம் படிக்கும் கருவியில் இந்த அலட்சியம் பொறுக்க முடியாதது. பிரவுன்–டிரைவர்–பிரிக்ஸ் என்ற எபிரெய-ஆங்கில அகராதி இரண்டு சொற்களையும் I, II எனப் பிரித்தே தருகிறது. ஆனால் முழுப் பதிப்பைப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் சுருக்கம் ஸ்ட்ராங்ஸ் எண்படி அடுக்கியது, அதில் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

"மூலபாஷை ரகசியம்" என்று கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்புகளுக்குப் போகாதீர்கள். "ஹெசெத்" என்பதன் மூன்று எபிரெய எழுத்துகளையும் ஹேத் வேலி, சாமெக் தாங்கல், தாலெத் கதவு என்று எழுத்தெழுத்தாகப் படம் காட்டிப் பொருள் கட்டுவார்கள். கிருபைக்கும் நிந்தைக்கும் அதே மூன்று எழுத்துகள்தானே. அந்த முறைப்படி இரண்டும் ஒன்றாகிவிடும். சான்றிதழ் வேறு கொடுக்கிறார்கள்! எபிரெய இலக்கணத்தின் முதல் பாடம்கூடத் தெரியாதவர் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு மேடை ஏறுகிறார். கேட்பாரே இல்லை.

அடுத்த முறை யாராவது "மூலத்தில் வேறு அர்த்தம்" என்றால், அந்த வசனத்திலேயே பக்கத்தில் நிற்கும் சொல் எது என்று கேளுங்கள். சங்கீதம் 85:10-இல் கிருபையோடு சத்தியம் நிற்கிறது. யாத்திராகமம் 34:6-இலும் அப்படியே.