எதிர்நோக்கும் நேரமின்மையும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். தனியார் வங்கியொன்றில் வேலை. கணவர் கட்டாரில் இருப்பதால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ரியூசன், மாமியாரின் கிளினிக் எல்லாம் என் தலையில்தான். இரவில் செபமாலையை எடுத்தால் அதன் இரண்டாம் பகுதியான இரண்டாம் தேவ இரகசியத்துக்குள் தூங்கிவிடுகிறேன். மூத்தவனுக்கு ஞாயிறு காலையில் வகுப்பு வைத்துவிட்டார்கள், பூசையும் விடுபடுகிறது. விசுவாசம் போகவில்லை. முன்பிருந்த நம்பிக்கைதான் எப்போது கழன்றது என்று தெரியவில்லை. இந்த ஓட்டத்தில் அதை எப்படிப் பிடித்து வைத்திருப்பது? கடைக்குட்டி வேறு, "யேசு திரும்ப எப்ப வருவார் அம்மா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விசுவாசம் போகவில்லை, நம்பிக்கை போய்விட்டது என்று இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிப்பு சரியானது. நம் பாட்டிமார் சொல்லிவந்த செபங்களில் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று மூன்றும் தனித்தனியாகவே இருந்தன. 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை' என்ற சொல் விசுவாசத்தின் இடத்துக்கு நகர, பழைய நம்பிக்கைக்கு 'எதிர்நோக்கு' என்ற சொல் வந்து சேர்ந்தது. அலுவலகக் கடிதத்துச் சொல்லைப்போல இருக்கிறதே என்று நான் வெகுகாலம் முணுமுணுத்திருக்கிறேன். இப்போது அதுவே பொருத்தம் என்று தோன்றுகிறது. நம்பிக்கை என்றதும் நாம் மனத்துக்குள் ஒரு தெம்பைத் தேடிப் பார்த்து, அது இல்லையென்றால் கலங்கிவிடுகிறோம். எதிர்நோக்கு என்பது முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பற்றியது, களைத்துப்போனவராலும் ஒரு திசையை நோக்கியிருக்க முடியும்.

திருத்தூதர் பவுல் எழுதிய திருமுகங்களில், அதாவது கடிதங்களில், மிகப் பழையதென்று பெரும்பாலான அறிஞர் கருதுவது, கி.பி. 50ஐ ஒட்டி தெசலோனிக்கருக்கு அவர் எழுதிய முதல் திருமுகம். அதன் தொடக்கத்திலேயே இம்மூன்றும் வருகின்றன. விசுவாசத்தோடு செயலையும், அன்போடு உழைப்பையும், எதிர்நோக்கோடு மனவுறுதியையும் அவர் சேர்த்துச் சொல்கிறார். இவை வேலைக்காரரின் சொற்கள். பவுலே கூடாரம் செய்யும் தொழிலாளி. எவருக்கும் சுமையாக இராதபடி இரவும் பகலும் வேலை செய்தேன் என்று அதே திருமுகத்தில் நினைவூட்டுகிறார். ஆண்டவரின் வருகையை எதிர்பார்த்திருந்த அந்தச் சபையில் வேலை செய்யாமல் திரிந்தவர்களுக்குத்தான், உழைக்க மனமில்லாதவர் உண்ணவும் வேண்டாம் என்ற கடுமையான வார்த்தை இரண்டாம் திருமுகத்தில் வருகிறது. ஆகவே, ஓய்வுள்ளவர்களுக்கு மட்டும் வாய்க்கும் ஒரு பொருளை நீங்கள் இழந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

'பிடித்து வைத்திருப்பது' என்ற உங்கள் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் எதிர்நோக்கை நங்கூரம் என்கிறது. திருச்சபை கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டின் இலச்சினையிலும் சிலுவையின் அடி நங்கூரமாகவே முடிந்திருந்தது. கொட்டியார் விரிகுடாவில் படகு நிறுத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கயிற்றைக் கடலின் ஆழத்துக்கு மட்டும் விட்டால் நங்கூரம் பிடிக்காது, முதல் அலையிலேயே பெயர்ந்துவிடும். ஆழத்தைப்போலப் பல மடங்கு கயிறு விட்டால்தான் இழுவை கிடையாக விழுந்து, அதன் கைகள் மண்ணைக் கவ்வும். அப்படி நின்ற படகும் அசையாமல் இருப்பதில்லை. காற்று மாறும்போதெல்லாம் முகம் திரும்பி, கயிறு விட்ட வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டேயிருக்கும். பவுல் சொன்ன மனவுறுதியை நான் இந்தக் கயிற்றின் நீளமாகவே விளங்கிக்கொள்கிறேன். பிடித்திருக்கும் வேலை நங்கூரத்தினுடையது. இன்று மாலைக்குள் மனம் தெளிய வேண்டும் என்று கயிற்றைக் குறுக்குவதுதான் நாம் செய்யும் பிழை. (விடிய நான்கு மணிக்கு எழுந்து செபியுங்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும், இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.)

செபமாலையில் தூங்கிவிடுவது பற்றி எனக்குக் கவலையில்லை. குழந்தை இயேசுவின் புனித தெரேசா, ஒரு கார்மேல் மடத்துக் கன்னி, தாமும் செப நேரத்தில் தூங்கிவிடுவதாக எழுதியிருக்கிறார். பிள்ளைகள் விழித்திருந்தாலும் உறங்கினாலும் பெற்றோருக்கு அன்பு ஒன்றுதானே என்பது அவருடைய சமாதானம். அதோடு திரிகால செபத்தையும் முயன்று பாருங்கள். காலை 6, நண்பகல் 12, மாலை 6 என்று மணியடித்து, வேலையின் நடுவில் இருப்பவர்களும் சொல்லக்கூடியது அது. இரண்டு நிமிடம் போதும். யேசுவின் பாடுகளாலும் சிலுவையாலும் உயிர்ப்பின் மகிமைக்கு நாங்கள் வந்து சேர வேண்டும் என்று அது முடிகிறது. நீங்கள் தொலைத்ததாகச் சொல்லும் பொருள் அந்த ஒரு வேண்டுதலில் முழுதாக இருக்கிறது.

ஞாயிறு வகுப்பு விடயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன். வகுப்பை மாற்ற முடியாவிட்டால், சனிக்கிழமை மாலைப் பூசை எங்கே உண்டு என்று விசாரியுங்கள். முந்திய நாள் மாலைப் பூசையும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்பது திருச்சபைச் சட்டம். பரீட்சைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அதன் பின்னும் ஒரு பரீட்சை வரும், இதை என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.

கடைக்குட்டிக்கு உண்மையையே சொல்லுங்கள். அந்த நாளும் வேளையும் தமக்கும் தெரியாது, தந்தைக்கே தெரியும் என்று யேசுவே சொல்லியிருப்பதை மாற்கு எழுதிவைத்திருக்கிறார். அவள் கேட்பது சின்னப் பிள்ளைக் கேள்வியுமல்ல. பூசையில் அப்பமும் திராட்சை இரசமும் உயர்த்தப்பட்ட பின், ஆண்டவர் மீண்டும் வருவதைப் பற்றி எல்லோருமாகச் சொல்கிறோம் அல்லவா? அடுத்த பூசையில் அந்த இடம் வரும்போது அவள் தோளைத் தொட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்.