தகுதிப் போட்டியின் நீளம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024-இல் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் தொடரின், அதாவது சதுரங்க உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் தகுதிப் போட்டியின், கடைசிச் சுற்றை நேரலையில் பார்த்தேன். நாகமுராவுடன் டிரா செய்துவிட்டு எழுந்த குகேஷ், பக்கத்துப் பலகையில் நெபோம்னியாச்சியும் கருவானாவும் நூறு நகர்த்தல்களைத் தாண்டி ஆடிய ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் வென்றிருந்தால் குகேஷ் அவருடன் டைபிரேக் (சமநிலையை முறிக்கும் குறைந்த நேர ஆட்டங்கள்) ஆடியிருக்க வேண்டும். உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்பது அடுத்தவர் ஆட்டத்தைப் பொறுத்திருப்பது முறைதானா? ஃபிஷர் காலத்தில் இருவர் நேருக்கு நேர் மோதினார்கள், வென்றவர் முன்னேறினார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த முறையை ஏன் கைவிட்டார்கள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களைப் போலவே நானும் இருவர் போட்டியின் பக்கம் சாய்ந்தவன்தான். ஆனால் ‘யாரும் குறை சொல்ல முடியாது’ என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், நீங்கள் சரியாகச் சொன்னதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1962-இல் கியூரசாவ் தீவில் நடந்த கேண்டிடேட்ஸ் தொடரில் பெத்ரோசியன், கேரஸ், கெல்லர் ஆகிய மூன்று சோவியத் வீரர்களும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்தார்கள். தங்களுக்குள் களைத்துக்கொள்ளாமல் மற்றவர்களோடு மோதத் தெம்பைச் சேமிக்கிறார்கள் என்று ஃபிஷர் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். அடுத்த சுழற்சியில், அதாவது 1965-இல், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இருவர் போட்டிக்கு மாறியது. நீங்கள் கேட்கும் அதே கேள்விக்கு அன்று கிடைத்த பதில் அது.

ஆனால் இருவர் போட்டி நியாயமாக இருக்குமா என்பது அது எத்தனை ஆட்டங்களைக் கொண்டது என்பதைப் பொறுத்தது. 1971-இல் தைமானோவையும் லார்சனையும் தலா 6–0 என்று வீழ்த்திய ஃபிஷர், புவெனஸ் ஐரிஸில் பெத்ரோசியனைச் சந்தித்தார். முதல் ஆட்டம் ஃபிஷருக்கு, இரண்டாவது பெத்ரோசியனுக்கு, அடுத்த மூன்றும் டிரா. பன்னிரண்டு ஆட்டங்களுக்குத் திட்டமிட்ட போட்டி என்பதால் யாருக்கும் அவசரமில்லை. ஆறாவதை வென்ற ஃபிஷர், ஏழாவதில் சி5 கட்டத்தில் அசைக்க முடியாதபடி உட்கார்ந்திருந்த தம் குதிரையை, டி7-இல் முடங்கிக் கிடந்த பெத்ரோசியனின் மந்திரிக்கு ஈடாகக் கொடுத்தார். நல்ல காயைக் கொடுத்து மட்டமான காயை வாங்குவது போலத் தோன்றும் அந்த மாற்றத்தின் பொருள் இரண்டே நகர்த்தல்களில் விளங்கியது: காவலுக்கு நின்ற மந்திரி போனதும் சி வரிசை வழியாக ஃபிஷரின் யானை எதிராளியின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. 34-ஆவது நகர்த்தலில் பெத்ரோசியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். அடுத்த இரண்டு ஆட்டங்களும் ஃபிஷருக்கே. வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்ற புள்ளிக் கணக்கில் முடிவு 6½–2½.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011-இல் கசானில் நடந்த கேண்டிடேட்ஸில், காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் நான்கே ஆட்டங்கள் என்று விதி வைத்தார்கள். அந்த விதியை புவெனஸ் ஐரிஸில் பொருத்திப் பாருங்கள். நான்கு ஆட்டங்களின் முடிவில் கணக்கு 2–2. இருவரும் விரைவு ஆட்டத்துக்குப் போயிருப்பார்கள், அந்த ஏழாவது ஆட்டம் ஆடப்பட்டே இருக்காது. கசானில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். நீண்ட நேரம் யோசித்து ஆடும் நிதான ஆட்டங்கள் 30-இல் 27 டிரா. அரோனியனையும் கிராம்னிக்கையும் டைபிரேக்கில் கடந்த கிரிஷ்சுக், ஒரு நிதான ஆட்டத்தைக்கூட வெல்லாமல் இறுதிக்கு வந்து, அங்கும் ஐந்தை டிரா செய்து, ஆறாவதும் கடைசியுமான ஆட்டத்தில்தான் கெல்ஃபாண்டிடம் தோற்றார். இதற்காக வீரர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு ஆட்டங்களில் ஒன்றைத் தோற்றால் மீள வழியில்லை என்னும்போது, வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தாலும் கை தானாகவே பாதுகாப்பைத் தேடும்.

நீளமான போட்டியில் தோற்றவருக்கும் அவகாசம் இருக்கிறது. 1974-இல் மாஸ்கோவில் கார்ப்போவிடம் பதினேழு ஆட்டங்களுக்குள் வெற்றிக் கணக்கில் 0–3 என்று பின்தங்கிய கோர்ச்னாய், 19-ஆவதையும் 21-ஆவதையும் வென்று அவரை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனார். மொத்தம் 24 ஆட்டங்கள், இரண்டு மாதங்களுக்கு மேல்; கார்ப்போவ் 3–2 என்று தப்பினார், 19 டிரா. அடுத்த ஆண்டு, அப்போது உலகச் சாம்பியனாக இருந்த ஃபிஷர் ஆட மறுத்ததால், இந்தத் தகுதிப் போட்டியின் வெற்றியே கார்ப்போவை உலகச் சாம்பியன் ஆக்கியது. பார்வையாளருக்கு அலுப்பூட்டிய போட்டி அது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் யார் மேல் என்ற கேள்வியை இருவரும் முழுவதுமாக ஆடித் தீர்த்துக்கொண்டார்கள்.

ஆடித் தீராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. 1983-இல் ஆஸ்திரியாவின் வெல்டனில் ஸ்மிஸ்லோவும் ஹ்யூப்னரும் பத்து ஆட்டங்களில் 5–5, கூடுதலாக நான்கு ஆடியும் 7–7. விதிப்படி சூதாட்டச் சக்கரத்தைச் சுழற்றினார்கள். சிவப்பும் கறுப்பும் மட்டுமே கணக்கில் இருக்க, உருண்ட பந்து முதலில் பூஜ்யத்தில் போய் நின்றது! மறுபடி சுழற்றியபோது சிவப்பு விழுந்தது. 62 வயது ஸ்மிஸ்லோவ் அரையிறுதிக்குப் போனார். டொராண்டோவில் குகேஷ் காத்திருந்ததாவது ஒரு சதுரங்க ஆட்டத்தின் முடிவுக்காக.

போட்டிக்கு நீளம் வேண்டும் என்ற இதே எண்ணம்தான் ஆனந்த் விஷயத்திலும் எனக்கு. 1994-இல் ஹைதராபாத்துக்கு அருகே சாங்கி நகரில், எட்டு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் காம்ஸ்கிக்கு எதிராக 3½–1½ என்று முன்னணியில் இருந்தவர் 4–4 என்று பிடிபட்டு, விரைவு ஆட்டங்கள் இரண்டையும் இழந்தார். மறு ஆண்டு லாஸ் பால்மாஸில் அதே இருவர், இன்னும் நீளமான போட்டி; ஆனந்த் 6½–4½ என்று வென்று, நியூயார்க்கில் அன்றைய சாம்பியன் காஸ்பரோவைச் சந்திக்கும் உரிமையைப் பெற்றார். ஓராண்டில் மனிதரும் மாறியிருப்பார் என்பதால் இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

வென்றவர் முன்னேறினார் என்கிறீர்கள். அதுவும் எப்போதும் நடக்கவில்லை. 1998-இல் கசோர்லாவில் கிராம்னிக்கை 5½–3½ என்று வென்ற ஷிரோவுக்கு, புரவலர் கிடைக்காத காரணத்தால் காஸ்பரோவுடன் ஆடும் வாய்ப்பே வரவில்லை. 2000-இல் அந்த வாய்ப்பு தோற்ற கிராம்னிக்குக்குப் போனது, அவர் பட்டத்தையும் வென்றார்.

ஏன் கைவிட்டார்கள் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எட்டு வீரர்கள், மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு ஆட்டங்கள் என்றால் செலவையும் காலத்தையும் இன்று தாங்குவார் இல்லை. தாங்கக்கூடிய அளவுக்குச் சுருக்கினால் கசான் வருகிறது. அதனால் 2013-இல் லண்டனிலிருந்து 14 சுற்றுத் தொடருக்குத் திரும்பினார்கள். நான்கு ஆட்டப் போட்டிக்கும் இதற்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் தொடரையே கேட்பேன்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: தொடரை நடத்தி, முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்களைப் பத்து ஆட்டங்கள் மோதவிடுவது. எழுதி முடித்துவிட்டு அதை டொராண்டோ முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். குகேஷ் 9 புள்ளிகள். நாகமுரா, நெபோம்னியாச்சி, கருவானா மூவருமே 8½. அந்த மூவரில் இரண்டாமவர் யார் என்று கண்டுபிடிக்க என் திட்டத்திலும் டைபிரேக்தான் வைக்க வேண்டியிருந்திருக்கும்.